குரங்கு வேடக்காரர் மேயரான ஊர்

நியூகாசிலில் இருந்து தெற்கே போகும் கடலோர ரயிலில் இடதுபக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட வேண்டும். சீஹம் தாண்டியதும் வட கடல் வண்டியோடு கூடவே வரும். இந்தக் கரை நெடுக ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். கழிவைக் கொட்டிக் கொட்டிக் கடற்கரை மணலே கறுத்துக் கிடந்த இடம். சுரங்கங்களை மூடி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது மேடெல்லாம் புல். ஹார்ட்டில்பூலில் இறங்கியதும் முகத்தில் அடித்த காற்றில் உப்பும் மீன் பொரிக்கும் எண்ணெயும் சேர்ந்து மணத்தன.

மக்கள்தொகை 90,000-க்குக் கொஞ்சம் மேல். நம் பொள்ளாச்சி அளவு. இங்கிலாந்து வரை வந்துவிட்டு யாராவது ஹார்ட்டில்பூலுக்குப் போவார்களா என்று லண்டன் நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன ஊருக்கு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் தேவையா என்று நம் ஊரில் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலின்போதும் வாதம் கிளம்புகிறது. இங்கிலாந்தில் சில ஊர்கள் அதை நடத்தியே பார்த்துவிட்டன. நடத்திப் பார்த்து வேண்டாம் என்ற ஊரும் உண்டு, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட ஊரும் உண்டு. அவற்றில் மூன்று ஊர்களைச் சுற்றி வருவதாகத் திட்டம்.

ஹார்ட்டில்பூல்காரர்களுக்குக் 'குரங்கைத் தூக்கில் போட்டவர்கள்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நெப்போலியன் காலத்துப் போரில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி இந்தக் கரையில் உடைந்ததாம். பிழைத்துக் கரை சேர்ந்தது ராணுவச் சட்டை போட்ட ஒரு குரங்கு மட்டும். பிரெஞ்சுக்காரனை அதற்கு முன் பார்த்தே இராத மீனவர்கள், இதுதான் பிரெஞ்சு உளவாளி என்று முடிவுகட்டி, விசாரித்து, கடற்கரையிலேயே தூக்கில் போட்டார்களாம். நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஊர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கேலிக்காகச் சொன்ன கதையைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். துறைமுகப் பக்கம் குரங்குக்குச் சிலை இருக்கிறது. ஊர் கால்பந்து அணியின் மைதானத்தில் குரங்கு வேடம் கட்டிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒருவர் உண்டு. அந்தக் குரங்கின் பெயர் 'ஹாங்கஸ்'. அந்த வேடக்காரரிடம் வருவதற்கு முன் துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

துறைமுக அருங்காட்சியகத்தில் நிற்கிற கப்பலின் பெயரைப் படித்ததும் கால் நின்றுவிட்டது: 'எச்.எம்.எஸ். திரிங்கோமலி'. நம் திருகோணமலைதான். பம்பாய்க் கப்பல்தளத்தில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய போர்க்கப்பல். இன்னும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். முகப்பில் தலைப்பாகையோடு ஒரு மரச்சிற்பம். தளத்தில் குனிந்து தேக்குப் பலகையைத் தடவிப் பார்த்தேன்; இருநூறு வருஷத்துக்குப் பிறகும் வழுவழுவென்று இருக்கிறது. 1987-இல் இதைப் பழுதுபார்க்க இங்கே இழுத்துவந்தார்கள். கப்பல் கட்டும் தொழில் அழிந்துபோயிருந்த ஊரில் அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் மிச்சம் இருந்தார்கள். கப்பலைச் சுற்றியிருக்கும் படகுத்துறை, உணவகங்கள், குடியிருப்புகள் எல்லாம் அந்தச் சமயத்தில் எழுந்தவை. அவற்றை எழுப்பியது நகராட்சி இல்லை. லண்டன் அரசு நியமித்த 'டீஸைடு வளர்ச்சிக் கழகம்'. ஊரிலேயே கண்ணுக்கு அழகான பகுதியைக் கட்டியவர்களுக்கு ஊரில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. தேர்தல் வந்தால்தான் வேலை நடக்கும் என்று பேசுகிறவர்கள் இந்தத் துறையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இனி மேயர் கதைக்கு வரலாம். இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் மேயர் என்பவர் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர். கவுன்சிலர்கள் வருஷத்துக்கு ஒருவராகத் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். அதிகாரம் முழுக்கக் கவுன்சில் தலைவரிடம் இருக்கும். அவர் முகம் ஊரில் பலருக்குத் தெரியாது. டோனி பிளேர் அரசு இதை மாற்ற 2000-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு வழி திறந்தது: ஊர் விரும்பினால் மக்களே மேயரைத் தேர்ந்தெடுக்கலாம், அவரே அமைச்சரவை போல ஒரு குழுவை அமைத்து ஊரை நடத்தலாம். ஆனால் முதலில் ஊர் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கவுன்சில் தானாக நடத்தலாம். கவுன்சில் மறுத்தால் வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டு நடத்தவைக்கலாம்.

ஹார்ட்டில்பூலில் 2001-இல் வாக்கெடுப்பு நடந்து, 51 சதவீதத்தோடு 'வேண்டும்' தரப்பு மயிரிழையில் ஜெயித்தது. 2002 மே 2-ஆம் தேதி முதல் மேயர் தேர்தல். ஊர் தொழிலாளர் கட்சியின் கோட்டை. பிளேருக்கு நெருக்கமான பீட்டர் மாண்டல்சன்தான் அப்போது எம்.பி. கட்சி வேட்பாளர் நின்றால் ஜெயித்தது மாதிரி என்று எல்லோரும் நினைத்திருக்க, ஸ்டூவர்ட் டிரம்மண்ட் என்ற 28 வயது கால் சென்டர் ஊழியர் சுயேச்சையாக நின்றார். ஹாங்கஸ் குரங்கு வேடம் கட்டுகிறவர் அவர்தான். சேட்டை எல்லை மீறி மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அனுபவமும் அந்தக் குரங்குக்கு உண்டு. பிரசார முழக்கம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம். கால்பந்து அணிக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று விளையாட்டாகத் தொடங்கியது வினையாக முடிந்தது. குரங்கு ஜெயித்துவிட்டது.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சிரிப்போடு கதை முடிந்திருந்தால் நானும் ஹார்ட்டில்பூலுக்கு வந்திருக்க மாட்டேன். டிரம்மண்ட் வேடத்தைக் கழற்றிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். 2005-இல் திரும்ப நின்று ஜெயித்தார். 2009-இல் மூன்றாவது முறையும். கோபத்தில் ஒரு முறை போட்ட ஓட்டு என்று முதல் வெற்றிக்கு வேண்டுமானால் காரணம் சொல்லலாம். மூன்று முறை போட்ட ஓட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. கட்சியின் தயவில்லாமல் ஒருவர் நகராட்சியின் தலைமைக்கு வரமுடியும், வந்தவர் வேலையைக் கற்றுக்கொள்ளவும் முடியும் என்பதை ஊர் கண்ணால் பார்த்தது.

நகரின் நடுவே ஒரு மூலைக்கடைக்குள் தண்ணீர் போத்தல் வாங்க நுழைந்தேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் நல்லூர்க் கந்தன் காலண்டர். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாண்ணா, தமிழ்நாடு."

"இந்தக் குளிருக்குள்ள இஞ்ச என்ன அலுவல்?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குரங்கு மேயரோ! நான் இஞ்ச வந்த புதுசில அவர்தான் மேயர். அப்ப ஆரை ஏசுறது எண்டு சனத்துக்குத் தெரியும். குப்பை எடுக்கேல்லையோ, மேயர். றோட்டுப் பழுதோ, மேயர். இப்ப முப்பத்தாறு கவுன்சிலர்மார் இருக்கினம். ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?"

"2012-ல மேயரே வேண்டாம்னு ஊர் ஓட்டுப் போட்டிருக்கே. நீங்க எந்தப் பக்கம்ணா போட்டீங்க?"

பாண் பக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு நான் போகேல்லைத் தம்பி. கடையை ஆர் பாக்கிறது?"

2012 நவம்பரில் ஹார்ட்டில்பூல் தன் மேயர் பதவியைத் தானே ரத்து செய்தது. போலீஸ் ஆணையர் தேர்தல் நடந்த அதே நாளில் வாக்கெடுப்பையும் வைத்தார்கள். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. வந்தவர்களில் பெரும்பான்மையினர், ஒரே ஆளிடம் எல்லாம் வேண்டாம், கவுன்சிலர்கள் குழுக்களாக உட்கார்ந்து முடிவெடுக்கட்டும் என்றார்கள். 2013-இல் டிரம்மண்டின் பதவி முடிந்தது. அவரைத் தேர்தலில் தோற்கடித்து யாரும் அனுப்பவில்லை, நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனக்கு மேயர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஹார்ட்டில்பூலுக்கு 2017-இல் வேறொரு மேயர் வந்து சேர்ந்தார். ஹார்ட்டில்பூலையும் அக்கம்பக்கத்து நான்கு நகராட்சிகளையும் சேர்த்து 'டீஸ் பள்ளத்தாக்கு மேயர்' என்ற பதவியை, உள்ளூர்த் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டு லண்டன் அரசு உருவாக்கியது. அந்த மேயரை மக்கள்தான் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அப்படியொரு பதவி வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேறு, பதவியே வேண்டுமா என்று முடிவுசெய்யும் உரிமை வேறு. அடுத்தடுத்த ஊர்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அங்கிருந்து மிடில்ஸ்பரோ ரயிலில் அரைமணி நேரம். வழியில் பில்லிங்ஹாம் ரசாயன ஆலைகளின் குழாய்க்காடு. மிடில்ஸ்பரோவின் அடையாளம் டீஸ் ஆற்றின் மேல் 1911-இல் கட்டிய தொங்கு பாலம். நீலச் சாயம் அடித்த இரும்புச் சட்டகத்தில் ஒரு மேடை கயிறுகளில் தொங்கும், அதில் வண்டிகளை ஏற்றி ஆற்றைக் கடத்துவார்கள். 2019-இல் பழுதென்று மூடிவிட்டார்கள். இரும்பு வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இந்த ஊர் ஹார்ட்டில்பூலைவிடப் பெரிது. 1,40,000 பேரைத் தாண்டும். இங்கே 2002-இல் அதே நாளில் ஜெயித்தவர் ரே மாலன். சின்னக் குற்றத்தையும் விடமாட்டேன் என்று கெடுபிடி காட்டி 'ரோபோகாப்' என்று பெயரெடுத்த போலீஸ் அதிகாரி. இடைநீக்கம், நீண்ட விசாரணை என்று துறையோடு முட்டிமோதி வேலையை விட்டு வந்தவர். அவரும் சுயேச்சைதான். ஊர் அவரை 2015 வரை வைத்துக்கொண்டது. இடையில் 2013-இல் இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு வந்தது. பக்கத்து ஊர் முந்தின வருஷம் தூக்கிப்போட்ட பதவியை மிடில்ஸ்பரோ தக்கவைத்துக்கொண்டது.

தக்கவைத்ததால் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. நேரடி மேயர் ஊரில் நடக்கக்கூடிய பெரிய விபத்து இங்கேதான் நடந்தது. மேயர் போடும் பட்ஜெட்டைக் கவுன்சில் மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்கிறது சட்டம். மேயர் ஒரு பக்கம், கவுன்சிலர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. அவராலும் கவுன்சிலை இழுத்துக்கொண்டு போக முடியாது. 2019-இல் வந்த சுயேச்சை மேயரின் காலத்தில் உள்ளுக்குள் உறவுகள் கெட்டு, 2023 ஜனவரியில் நிர்வாகத்தைச் சீர்செய்யச் சொல்லி அரசே நகராட்சிக்கு எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பும் அளவுக்குப் போனது. அந்த மே மாதமே தேர்தல் வந்தது. ஊர் மேயரை மாற்றியது, பதவியை விட்டுவைத்தது. ஆளைப் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம், முறை பிடிக்கவில்லை என்றால் முறையை மாற்றலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு இருந்ததால் ஒன்றின் கோபத்தை இன்னொன்றில் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

மூன்றாவது ஊர் மான்ஸ்ஃபீல்டு. யார்க், ஷெஃபீல்டு, வொர்க்சப் என்று வண்டி மாறி மாறி வந்து சேர்ந்தேன். நாட்டிங்ஹாம்ஷர் கவுண்டியில் ராபின் ஹூட் கதை நடக்கும் காட்டுப்பக்கம். ரயில் பாதைக்கே 'ராபின் ஹூட் லைன்' என்றுதான் பெயர். இதுவும் நிலக்கரி ஊர். ஊரின் நடுவே வீட்டுக் கூரைகளுக்கு மேலே கல் வளைவுகளின்மீது ரயில் போகிறது, கீழே சந்தை.

சந்தை மைதானத்தின் நடுவில் கல்லில் செதுக்கிய ஒரு கோபுர மண்டபம். ஜார்ஜ் பென்டிங்க் பிரபுவின் நினைவாக 1849-இல் எழுப்பியது. வேலூர்ப் புரட்சி வெடித்தபோது சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் பென்டிங்க் இவருடைய சித்தப்பா. மண்டபத்துக்குள்ளே சிலை வைப்பதாகத்தான் ஏற்பாடு. கட்டிமுடிக்கும்போது பணம் தீர்ந்துவிட்டது. பீடமும் விதானமும் சுற்றுத் தூண்களும் இருக்கின்றன, ஆள் இல்லை. மான்ஸ்ஃபீல்டு மேயர் பதவியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மண்டபத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இந்த ஊரில் கவுன்சில் விரும்பி வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கி நடத்தவைத்தார்கள். 2002-இல் ஜெயித்தவர் டோனி எகின்டன். கடை வைத்திருந்தவர், சுயேச்சை. அவருக்குப் பின் இன்னொரு சுயேச்சை. 2019 தேர்தலில் தொழிலாளர் கட்சி வேட்பாளர், பதவியில் இருந்த மேயரை இரண்டே இரண்டு ஓட்டில் தோற்கடித்தார். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வாக்காளர் இருவரைக் குறிக்கும் முறை அப்போது இருந்தது. இரண்டாம் விருப்பங்களைக் கூட்டியபோது வந்த கணக்கு அது. ஒரு குடும்பத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மனம் மாறியிருந்தால் மேயர் மாறியிருப்பார்.

ஆனால் அந்த மேயரின் கையில் என்ன இருக்கிறது? பழக்கடைப் பெண்மணியிடம் ஊருக்கு மேயர் என்ன செய்கிறார் என்று பேச்சுக் கொடுத்தேன். ஸ்ட்ராபெரிப் பெட்டியை நிறுத்துக்கொண்டே, தன் தெருவில் உள்ள குழியைப் பற்றி நீளமாகச் சொன்னார். மேயரிடம் புகார் கொடுத்தாராம். சாலை எங்கள் பொறுப்பில்லை, கவுண்டியிடம் போங்கள் என்று பதில் வந்ததாம். உண்மைதான். ஹார்ட்டில்பூலிலும் மிடில்ஸ்பரோவிலும் ஒரே நகராட்சிதான் எல்லாவற்றையும் பார்க்கிறது. மான்ஸ்ஃபீல்டில் இரண்டடுக்கு. குப்பை, வாடகை வீடு, பூங்கா, நீச்சல்குளம் இவையெல்லாம் மேயரின் கீழ். பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு இவையெல்லாம் நாட்டிங்ஹாம்ஷர் கவுண்டி கவுன்சிலின் கீழ். மக்கள் ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்பார்கள். கேட்டதைச் செய்ய அதிகாரமும் பணமும் கொடுக்காமல் முகத்தை மட்டும் கொடுத்தால், அந்த முகம் திட்டு வாங்கத்தான் பயன்படும்.

இப்போது அந்த முகத்துக்கும் ஆபத்து. கவுண்டி, மாவட்டம் என்ற இரண்டடுக்கை ஓரடுக்காக்கும் மறுசீரமைப்பில் இறங்கியிருக்கிறது பிரிட்டிஷ் அரசு. அது முடிந்தால் மான்ஸ்ஃபீல்டு போன்ற மாவட்டக் கவுன்சில்களே இருக்காது. கம்பர்லாண்டுக் கரையில் கோப்லாண்டு என்ற சின்ன மாவட்டம், 2014 வாக்கெடுப்பில் ஆசைப்பட்டு மேயர் பதவியைக் கொண்டுவந்தது. 2023-இல் மாவட்டத்தையே பக்கத்து மாவட்டங்களோடு இணைத்துவிட்டதால் மேயரும் போனார். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த அதிகாரப் பகிர்வு மசோதா, உள்ளூர் அளவில் புதிதாக நேரடி மேயர் பதவிகள் உருவாவதற்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. பெரிய வட்டாரங்களுக்கு மேயர்கள் வரலாம். சின்ன ஊர் தனக்கொரு மேயர் வேண்டும் என்று இனிக் கேட்க வழியில்லை. அதிகாரப் பகிர்வு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊர் தானே முடிவெடுத்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை ஊரின் கையிலிருந்து எடுக்கிறார்கள்.

லண்டன் திரும்பும் வண்டியில் நம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 1996-இல் மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2001-இலும் அப்படியே. 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி மக்கள். 2022-இல் மறுபடி கவுன்சிலர்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே உத்தரவு. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த முடிவை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. ஆளும் கட்சிக்கு எது தோதோ அதுவே அந்தந்தத் தேர்தலுக்கு முறையாகிறது. நேரடித் தேர்தலில் தலைவர் ஒரு கட்சி, கவுன்சிலில் பெரும்பான்மை வேறு கட்சி என்றாகித் தீர்மானங்கள் முடங்கும் என்பார்கள். மிடில்ஸ்பரோவைப் பார்த்தவன் அதை மறுக்கமாட்டான். மறைமுகத் தேர்தலிலோ கவுன்சிலர்களைச் சொகுசு விடுதியில் அடைத்துவைக்கும் கூத்து நடக்கும். 2022 மார்ச் 4-ஆம் தேதி, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளைத் தி.மு.க.வினரே சில ஊர்களில் போட்டியிட்டுப் பிடித்துக்கொள்ள, கட்சித் தலைவர் அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லி அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த ஊர் மக்கள் இந்த நாடகத்தில் பார்வையாளர்கள்.

என் கட்சி எது என்று கேட்டால், சின்ன ஊருக்கு நேரடித் தேர்தல்தான் பொருத்தம் என்பேன். பெருநகரத்தில் வேட்பாளரின் சுவரொட்டிதான் வாக்காளருக்குத் தெரியும். சின்ன ஊரில் அவர் அப்பா யார், கடன் பாக்கி எவ்வளவு என்பது வரைக்கும் தெரியும். கட்சிக்கு வெளியே இருந்து கடைக்காரரும் கால் சென்டர் ஊழியரும் உள்ளே வர அது ஒன்றுதான் வழி. கூடவே இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: சாலையும் தண்ணீரும் குப்பையும் அந்தத் தலைவரின் கையில் இருக்க வேண்டும், பட்ஜெட்டைத் தட்டிக்கேட்கக் கவுன்சிலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், பாதி போதும்.

இது வெளியூர்க்காரனின் அபிப்பிராயம். ஹார்ட்டில்பூல் மாதிரி ஓர் ஊர் பத்து வருஷம் அனுபவித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அதுவும் சரிதான். ஐந்தில் ஒருவர்கூட வராத வாக்கெடுப்பு ஒரு வாக்கெடுப்பா என்று கேட்கலாம். வரவில்லை என்றாலும் கேட்டார்கள் அல்லவா? கடையை விட்டுப் போகவில்லை என்று சொன்ன அண்ணாச்சிக்கு அந்த முடிவு தன் கைக்கும் எட்டியது என்பது தெரியும். பொள்ளாச்சியிலும் கோவில்பட்டியிலும் நேரடித் தலைவர் வேண்டுமா என்ற கேள்வியை வாக்காளர்களிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. 5 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் அந்த ஊரில் வாக்கெடுப்பு, அதன் முடிவு இரண்டு தேர்தல்களுக்குச் செல்லும், பிறகு வேண்டுமானால் மறுபடி கேட்கலாம் என்று சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். தனித் தேர்தல்கூட வேண்டாம். அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலன்று, கவுன்சிலருக்குப் போடும் இயந்திரத்தின் பக்கத்தில் இரண்டே பொத்தான் உள்ள இன்னொரு இயந்திரத்தை வைத்துவிடலாம்.